தரிசென்று எழுதப்பட்ட நிலமும் எண்ணப்படாத அந்துப்பூச்சிகளும்

இந்தியாவில் வெளிவரும் அந்துப்பூச்சி ஆய்வுக் கட்டுரைகளுள் பெரும்பான்மையானவற்றின் முடிவுரையை, தலைப்பைப் படித்த மாத்திரத்திலேயே எழுதிவிடலாம். தலைப்பில் ஒரு சரணாலயத்தின் பெயர் இருக்கும். அதனுள் மூன்றோ நான்கோ வாழிடங்கள் பிரிக்கப்பட்டிருக்கும்: பசுமைமாறாக் காடு, இலையுதிர் காடு, புல்வெளி, கடைசியாக ‘இடையூறுக்குள்ளான பகுதி’ என்று ஒன்று. ஒரு வெள்ளைத் துணி, ஒரு பாதரச ஆவி விளக்கு, சில இரவுகள். பின்னர் குடும்பவாரியாக ஒரு பட்டியல். எரெபிடே முதலிடம், ஜியோமெட்ரிடேயோ கிராம்பிடேயோ அடுத்த இடம். ஷானன் குறியீட்டெண் காட்டில் உயர்ந்தும் இடையூறுக்குள்ளான பகுதியில் தாழ்ந்தும் நிற்கும். ஆகவே இச்சரணாலயம் மேலும் பேணப்பட வேண்டும் என்று கட்டுரை முடியும்.

இக்கட்டுரைகள் வேண்டாதவை என்று எவரும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் உள்ளன. வண்ணத்துப்பூச்சிகளோ ஆயிரத்து முந்நூறை ஒட்டியவை. எனினும் நூல்களும் கையேடுகளும் ஆர்வலர்களும் பெரும்பாலும் பின்னதன் பக்கமே நிற்கின்றனர். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஹாம்ப்சன், பிரித்தானிய இந்தியாவின் அந்துப்பூச்சிகளைக் குறித்து 1892 முதல் 1896 வரை வெளியிட்ட நான்கு தொகுதிகளை இன்றும் மேசைமேல் வைத்துக்கொண்டே இத்துறையில் வேலை செய்யவேண்டியிருக்கிறது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நூல் நடைமுறைக் கையேடாக விளங்கும் துறையில், எந்தப் பட்டியலும் வரவேற்கத்தக்கதே. குறை வேறிடத்தில் உள்ளது. அந்த நான்காம் வாழிடம் எதற்காகக் கட்டுரைக்குள் வருகிறது? ஒப்பிடப்பட்டுத் தோற்பதற்காக மட்டுமே வருகிறது. அதனுள் என்ன வாழ்கிறது, ஏன் வாழ்கிறது, எதைத் தின்று வாழ்கிறது என்று கேட்பார் இல்லை. காட்டின் சிறப்பை நிறுவுவதற்கான நிழலாக அது நிற்கிறது.

அந்நான்காம் வாழிடத்துக்கு ஒரு முகவரி கொடுத்துப் பார்க்கலாம்: கோலார் தங்கவயல்.

மாரிகுப்பத்திலிருந்து உரிகம், சாம்பியன் ரீஃப் வழியாக நந்திதுர்கம் வரை நீளும் அந்நிலத்தில், 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தோண்டத் தொடங்கி, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும்வரை, ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. தங்கம் போனபின் எஞ்சியவை அரைத்த பாறையின் நுண்துகள். சைனைடில் ஊறிப் பின் கொட்டப்பட்டு மேடு மேடாக உயர்ந்தவை. பதின்மூன்று மேடுகள், சுமார் 3 கோடியே 30 இலட்சம் டன். மக்கள் அவற்றைச் சைனைடு மலை என்கின்றனர். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த, பெரும்பாலும் தலித்துகளான தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களின் நான்காம் ஐந்தாம் தலைமுறையினர் அம்மேடுகளின் அடிவாரத்து வரிசை வீடுகளில் இன்றும் வாழ்கின்றனர். ஆடிமாதக் காற்றில் அத்துகள் எழுந்து அவர்தம் சோற்றுப் பானைவரை வருகிறது.

அரசின் ஏட்டில் இத்தகைய நிலத்துக்குத் தனிப்பெயர் உண்டு. நிலவளத் துறையும் தேசியத் தொலையுணர்வு மையமும் சேர்ந்து வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் ‘சுரங்கத் தரிசு’ என்பது ஒரு வகை. முட்புதர்க் காடும் அதே தொகுப்பில் தரிசுதான். தரிசு என்ற சொல் வருவாய்த் துறையின் சொல். வரி தராத நிலத்தைக் குறிக்கக் குடியேற்ற ஆட்சி கைக்கொண்ட சொல். அது உயிரியலாளரின் கட்டுரைக்குள் ‘சீரழிந்த வாழிடம்’ என்று உடைமாற்றிக்கொண்டு நுழைந்தபோது, எவரும் அதன் அடையாள அட்டையைக் கேட்கவில்லை.

இனி விளக்கைப் பற்றிப் பேசலாம். அந்துப்பூச்சி ஆய்வென்பது பாதிக்குமேல் விளக்கைப் பற்றியது.

1902ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுக்கப்பட்ட மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிவந்து தங்கவயலை ஒளிரச் செய்தது. பெங்களூர் நகருக்கு அவ்வொளி 1905இல்தான் கிடைத்தது. தென்னிந்தியாவில் இரவு முழுவதும் மின்விளக்கு எரிந்த முதல் பெருநிலப்பரப்புகளுள் தங்கவயலும் ஒன்று. அதாவது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பல நூறு விளக்குப் பொறிகள் இரவுதோறும் இயங்கிவந்துள்ளன, எண்ணுவதற்குத்தான் ஆளில்லை. அண்மைக் காலத்தில் திரைப்படக் குழுவினர் அம்மேடுகளுக்குப் பெருவிளக்குகளைக் கொண்டுவந்தனர். 2018இல் வெளியான கன்னடப் படம் அவ்வூரின் பெயரையே உலகெங்கும் கொண்டுசென்றது. அவ்விளக்குகளில் வந்து மோதியவை எவை என்று கேட்க ஒரு பூச்சியியலாளர் அங்கே நின்றிருந்தால், அப்படப்பிடிப்பு இத்துறைக்கும் ஏதேனும் தந்திருக்கும்.

விளக்குப் பொறி என்பது நடுநிலைக் கருவி என்ற நம்பிக்கையே நமது வாழிட ஒப்பீடுகளின் அடித்தளம். அது ஆட்டங்காணும் அடித்தளம். பிரிட்டனில் பூச்சிகளுக்குக் குறியிட்டு விடுவித்து மீளப்பிடித்துச் செய்த ஆய்வுகளின்படி, பொறி தன்னிடம் திறம்பட ஈர்க்கும் தொலைவு பத்து முதல் முப்பது மீட்டர் அளவே; அதுவும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது. நிலவொளியில் வரவு குறைகிறது. அடர்காட்டில் நாலடிக்கு அப்பால் இலை மறைக்கும் விளக்கு, வெட்டவெளியில் நெடுந்தொலைவு தெரிகிறது. 2024 தொடக்கத்தில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஃபேபியன், யஷ் சோந்தி முதலானோர் வெளியிட்ட கட்டுரை, பூச்சிகள் விளக்கை ‘நாடி’ வருவதில்லை என்றே காட்டியது. வானம் எப்போதும் மேலே ஒளிரும் என்று பழகிய உடல், முதுகை ஒளியின் பக்கம் திருப்புகிறது. செயற்கை விளக்கருகே அத்திருப்பம் அதைச் சுற்றுவழியில் சிக்கவைக்கிறது. விளக்கில் விழும் விட்டிலைக் காதலனுக்கும் பேராசைக்காரனுக்கும் உவமை சொன்ன மரபு இதைக் கேட்டுச் சற்று வருந்தக்கூடும். ஆய்வாளர் வருந்தவேண்டிய காரணம் வேறு: துணியில் வந்தமர்ந்த பூச்சி அவ்வாழிடத்தில் பிறந்தது என்பதற்கு விளக்கு சான்றாகாது. அவ்வழியே பறந்தது, சிக்கியது, அவ்வளவே.

எனவே, வனவிருந்தினர் மாளிகையின் முற்றத்தில் மின்னிணைப்பு கிடைக்கிறது என்பதற்காக அங்கே ஆறு இரவும், முட்புதரில் மின்கல விளக்கோடு இரண்டு இரவும், ஒன்றை அமாவாசையிலும் மற்றதை வளர்பிறையிலும் பார்த்துவிட்டு, இரண்டுக்கும் ஷானன் எண் கணித்து அட்டவணை போடுவது ஒப்பீடு ஆகாது. ஷானன் எண் மாதிரியின் அளவைப் பொறுத்து ஏறி இறங்கக்கூடியது. 1948இல் தகவல் தொடர்புக் கோட்பாட்டுக்காக உருவானது. மாதிரியின் பருமன் வேறுபடும்போது இனவளத்தை எப்படி ஒப்பிடுவது என்ற கேள்விக்கு விடை சொல்லப் பிறந்த கருவி வேறொன்று உண்டு. அது பிறந்த கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1943இல் ஃபிஷர், கார்பெட், வில்லியம்ஸ் மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆல்ஃபா என்னும் பன்மை அளவு அறிமுகமாயிற்று. அதற்குரிய தரவின் ஒரு பகுதி மலாயாவின் வண்ணத்துப்பூச்சிகள். மற்றொரு பகுதி, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் நான்கு ஆண்டுகள் விளக்குப் பொறியில் விழுந்த 15,609 அந்துப்பூச்சிகள், 240 இனங்கள். உலகெங்கும் உயிர்ப்பன்மையை அளக்கும் கோல்களுள் ஒன்றைத் தந்தவை அந்துப்பூச்சிகளே.

ராத்தம்ஸ்டெட் தேசியப் பூங்காவுமன்று, சரணாலயமுமன்று. அது வேளாண் ஆராய்ச்சி நிலையம். பொறி நின்றது வயலோரத்தில். 1930களில் அவ்வயலோரத்தில் எண்ணிவைத்ததால்தான், 1950களில் வேளாண்மை தீவிரமானபோது அங்கே அந்துப்பூச்சிகள் சரிந்ததைப் பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டனர். அங்கு எண்ணாமல், ‘நல்ல காடு’ தேடிப் போயிருந்தால், அச்சரிவு நிகழ்ந்ததே உலகுக்குத் தெரிந்திராது.

இன்னொரு பூச்சியையும் நினைவூட்டவேண்டும். பள்ளிப் பாடநூல் முதல் முனைவர் பட்ட நுழைவுத் தேர்வு வரை எவரும் தப்ப முடியாத பிஸ்டன் பெட்டுலேரியா. அதன் கரிய வடிவம் 1848இல் கண்டறியப்பட்டது மான்செஸ்டரில். புகைபோக்கிகளும் கரிப்படிவும் நிறைந்த ஆலைநகரில். 1950களில் கெட்டில்வெல் தம் சோதனையைச் செய்தது பர்மிங்காம் அருகே. அச்சோதனையின் குறைகளைக் களைய மேஜரஸ் கேம்பிரிட்ஜில் தம் தோட்டத்தில் ஆறு ஆண்டுகள் உழைத்தார். அவர் மறைந்தபின் 2012இல் முடிவுகள் அச்சேறின. இயற்கைத் தேர்வின் மிகப் பெயர்பெற்ற சான்று ‘இடையூறுக்குள்ளான பகுதி’யிலிருந்து வந்தது. அன்றைய மான்செஸ்டர்க்காரர் நம் ஆய்வுக் குழுக்களிடம் அனுமதி கேட்டிருந்தால், ஏரி மாவட்டத்துக்குப் போய்ப் பார் என்று அனுப்பியிருப்பார்கள்.

சாம்பல்வெளிர் நிறத்தில் பல ஏக்கர் பரந்துகிடக்கும் சைனைடு மேட்டில் பகலில் அமரும் அந்துப்பூச்சி எந்தப் பின்னணியில் ஒளிகிறது? அமிலமும் கனஉலோகங்களும் கலந்த மண்ணில் வேரூன்றிய வேலிகாத்தானின் இலையைத் தின்னும் புழு எதை உடலில் சேர்க்கிறது? அதைத் தின்னும் பறவை எதைச் சேர்க்கிறது? எருக்கும் ஆவாரையும் கிலுகிலுப்பையும் அம்மேட்டின் ஓரங்களில் எந்த வரிசையில் குடியேறுகின்றன, அவற்றைத் தொடர்ந்து எந்தப் புழுக்கள் வருகின்றன? ஒவ்வொன்றும் ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி. எவற்றுக்கும் புலிகள் காப்பகத்தின் அனுமதி தேவையில்லை.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழும். நிதி குறைவு, ஆள் குறைவு. அரிய இனங்கள் காட்டில்தான் உள்ளன. புதர்க்காட்டிலும் வயலிலும் கிடைப்பவை எங்கும் கிடைக்கும் பொதுவினங்களும் பயிர்ப்பூச்சிகளும்தாம். எனவே முன்னுரிமை காட்டுக்கே. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் இரண்டு இடங்களில் உடைகிறது.

முதலாவது, கோலார் மாவட்டத்தின் வாழ்வே அந்துப்பூச்சிகளின்மேல் நிற்கிறது. பட்டுப்புழு ஓர் அந்துப்பூச்சி என்பதை ஆய்வுக் கட்டுரைகள் மறந்திருக்கலாம். முசுக்கொட்டை வளர்த்துக் கூடு விற்கும் குடும்பங்கள் மறக்கவில்லை. அம்முசுக்கொட்டையின் இலையைச் சுருட்டித் தின்பதும் ஓர் அந்துப்பூச்சியின் புழு. கோலாரின் பெரும் தக்காளிச் சந்தைக்கு வந்துசேரும் கூடைகளுக்குள் துளையிடும் புழுவும் அந்துப்பூச்சியே. தென்னமெரிக்காவிலிருந்து வந்த தக்காளி இலைத்துளைப்பான் 2014இல் இந்தியாவில் பதிவாயிற்று. 2018 மே மாதம் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இதே கர்நாடகத்தின் சிவமொக்காவில். அடுத்த ஓராண்டுக்குள் நாட்டின் மக்காச்சோள வயல்களெங்கும் பரவிற்று. இவ்விரண்டும் எந்தச் சரணாலயத்தின் பட்டியலாலும் முன்கூட்டிப் பிடிபட்டிருக்க முடியாதவை. நாட்டு நிலப்பரப்பில் பாதுகாக்கப்பட்ட பகுதிகள் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. மீதி தொண்ணூற்றைந்தில் விளக்கேற்றாத துறை, புதிதாக வந்த பூச்சியை விவசாயி வந்து சொன்ன பிறகுதான் அறியும்.

இரண்டாவது இடம் இன்னும் கூர்மையானது. அதற்குக் கோலார் மாவட்டத்திலேயே உள்ள பாதுகாக்கப்பட்ட துண்டு நிலத்துக்குப் போகவேண்டும்.

ஹனுமனஹள்ளி என்னும் ஊரின் கருங்கற் குன்றில் ஒரு குகை உண்டு. கோலார் இலைமூக்கு வௌவால் என்று அழைக்கப்படும் ஹிப்போசிடெரோஸ் ஹைப்போஃபில்லஸ் உலகில் வாழ்வதாக அறியப்பட்ட ஒரே இடம் அது. கோக், பட் இருவரும் 1994இல் அவ்வினத்தை விவரித்தனர். எண்ணிக்கை இருநூறுக்கும் கீழ். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவின் விளிம்பில் உள்ள இனம். கருங்கல் உடைப்பு அக்குன்றைச் சுற்றிலும் நெருங்கிவந்ததால், வௌவால் ஆர்வலர்களும் வனத்துறையும் முயன்று குகையைச் சூழ்ந்த சிறு பரப்பைப் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தனர். மெச்சத்தக்க செயல்.

ஆனால் அவ்வௌவால் குகைக்குள் உண்பதில்லை. அது பூச்சியுண்ணி. இரவில் வெளியே பறந்து, சுற்றியுள்ள முட்புதரிலும் வயலிலும் ஏரிக்கரையிலும் இரைதேடுகிறது. இதன் குடும்பத்து வௌவால்கள் உயர் அதிர்வெண்ணில் ஒலியெழுப்பி இரையை உணர்பவை. இவ்வினத்தின் ஒலி நூறு கிலோஹெர்ட்ஸைத் தாண்டுவது. செவியுள்ள அந்துப்பூச்சிகளோ இருபது முதல் அறுபது கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே நன்கு கேட்கின்றன. அவ்வகைச் செவிக்கு எட்டாத ஒலியில் இவை வேட்டையாடுவதால், அந்துப்பூச்சிகளை எளிதில் பிடிக்க முடிகிறது என்பது நெடுநாளைய கருதுகோள். ஆக, வேலிக்குள் உறங்குமிடம், வேலிக்கு வெளியே சோறு. வெளியே உள்ளவை ‘எங்கும் கிடைக்கும் பொதுவினங்கள்’ என்று ஆய்வாளர் ஒதுக்கிவைத்த பூச்சிகள். உலகின் மிக அரிய வௌவால்களுள் ஒன்றை உயிரோடு வைத்திருக்கும் பொதுவினங்கள் என்னென்ன, அவை எந்தச் செடியில் வளர்கின்றன, தைலமரத் தோப்பில் அவற்றுக்கு இடமுண்டா என்று கேட்காமல் எழுதப்படும் பாதுகாப்புத் திட்டம், சமையலறையை விட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் பூட்டுப்போடும் திட்டம்.

தைலமரத்தை ஏதோ உவமைக்காகச் சொல்லவில்லை. 1980களின் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் கோலாரில் மானாவாரி ராகி நிலங்களைத் தைலத் தோப்புகளாக மாற்றிய கதை இந்தியச் சூழலியல் விவாதங்களில் பலமுறை பேசப்பட்டது. நிலத்தடி நீர் வற்றிய பிறகு, 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலம் நடுவதைத் தடைசெய்தது. அரசின் கணக்கில் அத்தோப்புகள் நெடுங்காலம் ‘பசுமைப் பரப்பு’. பக்கத்து முட்புதரோ தரிசு. செயற்கைக்கோளுக்குப் பச்சை எல்லாம் ஒன்று. கம்பளிப்பூச்சிக்கு அப்படியில்லை, அதற்கு ஒரு குறிப்பிட்ட செடி வேண்டும், அதன் இலையில் அது செரிக்கத்தக்க வேதிப்பொருள் இருக்கவேண்டும். வாழிடத்தை வகைப்படுத்தும் உரிமையை வருவாய்த் துறையிடமிருந்தும் செயற்கைக்கோளிடமிருந்தும் பிடுங்கிக் கம்பளிப்பூச்சியிடம் கொடுத்தால், கோலாரின் வரைபடமே மாறும்.

ஒரு சொல் எச்சரிக்கை: அக்குகையின் வாயிலில் பாதரச விளக்கைக் கட்டித் துணி விரிக்கும் ஆர்வம் எவருக்கும் வந்துவிடக்கூடாது. வௌவால்கள் வெளியேறும் வழியில் ஒளி வீசுவது அவற்றைக் கலைக்கும். சுற்றுப்புறப் பூச்சிகளையும் ஓரிடத்தில் குவிக்கும். அங்கே வேறு முறைகள் உள்ளன. இருள் கெடாமல் பகலில் செடிசெடியாகப் புழு தேடலாம், வளர்த்துப் பார்க்கலாம், வௌவாலின் எச்சத்தில் இரையின் மரபணுவைத் தேடலாம். உடலுழைப்பு மிகுந்த, படம் அழகாக வராத வேலை. அதனால்தான் இதைச் செய்வார் குறைவு என்று ஐயுற இடமுண்டு.

இனி, எல்லா எதிர்வாதங்களிலும் கனமான ஒன்று. அது பூச்சியியலாளரிடமிருந்து வருவதன்று. தங்கவயலின் மக்களிடமிருந்து வரத்தக்கது. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு இறந்தவர்களின் பிள்ளைகள் வாழும் ஊர் இது. ஆலை மூடி இருபதாண்டுகளுக்கு மேலாகியும், விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் அலுவலக வேலைக்கும் போய், இருட்டிய பிறகு திரும்பும் ஆயிரக்கணக்கானோரின் ஊர். அவர்களிடம் போய், உங்கள் வீட்டைப் பாழாக்கிய நஞ்சு மேட்டில் அழகிய அந்துப்பூச்சிகள் வாழ்கின்றன என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு! மனிதர் எண்ணப்படாத இடத்தில் பூச்சியை எண்ணுவதா? மேலும், ‘இயற்கை மீண்டுவிட்டது’ என்று ஆய்வுக்கட்டுரை சொன்னால், மேட்டைச் சீர்செய்யவேண்டிய கடமையிலிருந்து நழுவ விரும்புவோருக்கு அதுவே நல்ல சாக்காகிவிடாதா?

இவ்வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. நச்சுநிலத்தின் ‘மீள்காடாதல்’ பற்றி மேலைநாட்டு இதழ்களில் வரும் மயக்கமூட்டும் நிழற்படக் கட்டுரைகள் இத்தவறையே செய்கின்றன. ஆனால் எண்ணாமல் விடுவதால் இத்தவறு தவிர்க்கப்படுமா என்றால், இல்லை. எண்ணாத இடத்தில் எதையும் சொல்லலாம்; செத்த நிலம் என்றும் சொல்லலாம், மீண்ட நிலம் என்றும் சொல்லலாம், யாருக்கு எது ஆதாயமோ அதை. மேட்டின் உச்சி, அடிவாரம், வரிசை வீடுகளின் கொல்லை, இரண்டு கல் தொலைவிலுள்ள ராகி வயல் ஆகிய நான்கிலும் ஒரே முறையில் எண்ணினால், நஞ்சு எவ்வளவு தொலைவு பரவியிருக்கிறது என்பதற்கு அந்துப்பூச்சிகள் சான்று சொல்லும். புழுவின் உடலில் உள்ள உலோகத்தின் அளவு, அக்கொல்லையில் விளையும் கீரையில் உள்ளதைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லும். அச்செய்தி மக்களுக்கே வேண்டியது. பூச்சியை எண்ணுவது மனிதரை எண்ணுவதற்கு மாற்றாக நிறுத்தப்படும்போதுதான் அவமதிப்பு. ஒரே காற்றைச் சுவாசிக்கும் இருவரையும் சேர்த்து எண்ணும்போது அது வழக்குக்கு வேண்டிய ஆவணம்.

ஆவணம் இப்போது தேவைப்படுகிறது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பதின்மூன்று கழிவு மேடுகள் அமைந்த 1,003.4 ஏக்கரில் மேற்பரப்புச் சுரங்கப்பணிக்கான ஒன்றிய அரசின் முன்மொழிவுக்கு இசைவளித்தது. மேட்டில் எஞ்சியுள்ள தங்கத்தை மீண்டும் பிரித்தெடுப்பதே நோக்கம். வேலைவாய்ப்பு வரும் என்று ஊரில் எதிர்பார்ப்பு உண்டு. அது நியாயமான எதிர்பார்ப்பு, அதைக் குறைசொல்ல வெளியார் எவருக்கும் தகுதியில்லை. ஆயினும் மூன்று கோடி டன் நுண்துகள் கிளறப்படும்போது காற்றிலும் நீரிலும் என்ன மாறும் என்பதை அறிய, கிளறுவதற்கு முன்னிருந்த நிலை பதிவாகியிருக்கவேண்டும். கிளறிய பின் எடுக்கும் கணக்கு எதனுடன் ஒப்பிடப்படும்? சரணாலயத்துப் பசுமைமாறாக் காட்டுடனா?

ஏரிகளின் கதையும் இதனோடு சேர்ந்தது. பெங்களூரின் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் 2018 முதல் குழாய்வழியே கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு வருகிறது. பல்லாண்டு காய்ந்துகிடந்த ஏரிக்கரைகளில் நாணலும் ஆகாயத்தாமரையும் எழுந்தன. ஒரு மாவட்டத்தின் இரவுப் பூச்சி வளமே இடம்மாறியிருக்கக்கூடிய நிகழ்ச்சி இது. நீரின் தரம் பற்றி நீதிமன்றம்வரை விவாதம் சென்றது; அந்நீரோரம் வாழவந்த பூச்சிகளைப் பற்றிப் பேசவேண்டிய துறை அப்போது மேற்குத் தொடர்ச்சி மலையில் துணி விரித்துக்கொண்டிருந்தது.

இவ்வேலைக்குப் பெருநிதி வேண்டும் என்பார் சொல் ஏற்கத்தக்கதன்று. ஒரே வகை விளக்கு, ஒரே மின்கலம், ஒரே அளவுத் துணி; அமாவாசையை ஒட்டிய இரவுகள்; ஒவ்வோர் இரவிலும் ஒரே மணிநேரங்கள்; எல்லா இடங்களிலும் சம எண்ணிக்கையிலான இரவுகள்; தெருவிளக்கின் ஒளி எவ்வளவு என்று அளந்த குறிப்பு; மே மாத மழைக்குப் பின்னும் ஐப்பசி மழைக்குப் பின்னும் ஒவ்வொரு சுற்று. பகலில் புழு தேடல். இதற்கு ஹெலிகாப்டர் வேண்டாம். கோலாரையடுத்த தமகாவில் பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரில், அடையாளம் காண உதவக்கூடிய தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகமும் வேளாண் பல்கலைக்கழகமும் உள்ளன. ஜூலை இறுதியில் அந்துப்பூச்சி வாரம் என்று உலகெங்கும் கொண்டாடுகின்றனர். நம் கல்லூரிகளும் கொண்டாடுகின்றன, பெரும்பாலும் மலையேறிப் போய். அவ்வாரத்தில் ஓரிரவு ஆண்டர்சன்பேட்டையின் ஒரு மொட்டைமாடியில் துணி கட்டினால், அதைச் சுற்றி நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு எந்தப் பேருந்துக் கட்டணமும் ஆகாது.

பெயர்ச் சிக்கலும் உண்டு. அப்பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் தெலுங்கும் பேசுவர். பூச்சிக்கோ இலத்தீனப் பெயரும் ஆங்கிலப் பெயரும் மட்டுமே. அரளியில் வளரும் பச்சை நிறப் பருந்து அந்து, கிலுகிலுப்பைச் செடியில் வளரும் புள்ளிச் சிறகு, முதுகில் மண்டையோடு வரைந்தாற்போல் தேன்கூட்டுக்குள் நுழையும் திருடன் என்று ஊணுச்செடியையும் உருவையும் கொண்டு பெயர் சூட்டினால், பெயரே பாதிச் சூழலியலைக் கற்பித்துவிடும். தமிழில் ஆய்வேடு எழுதுவோர் கலைச்சொல் பட்டியல்களுக்குள் அடைந்துகிடப்பதைவிட இது பயனுள்ள தமிழ்ப்பணி.

முனைவர் பட்ட ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழுக்களிடம் கேட்கவேண்டியது சிறிதே. அடுத்த முறை ஒரு மாணவர் ‘பாதுகாக்கப்பட்ட பகுதியின் வெவ்வேறு வாழிடங்களில் அந்துப்பூச்சிப் பன்மை’ என்று திட்டம் கொண்டுவந்தால், அப்பகுதியின் எல்லைக்கோட்டுக்கு வெளியே குறைந்தது இரண்டு இடங்களைச் சேர்க்கச் சொல்லவேண்டும். அவற்றுக்கு உள்ளே உள்ள இடங்களுக்குச் சமமான இரவுகள் தரப்படவேண்டும். அட்டவணையின் கடைசி நிரலில் ‘இடையூறுக்குள்ளான பகுதி’ என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, அங்கே என்ன செடி நிற்கிறது, நிலம் யாருடையது, விளக்கு எவ்வளவு தொலைவில் எரிகிறது, அது எப்போதிலிருந்து அப்படி இருக்கிறது என்று எழுதிவரச் சொல்லவேண்டும். தங்கவயலைத் தேர்ந்துகொள்ளும் மாணவருக்கு இன்னுமொன்று: மேடுகளில் எந்திரம் இறங்கிய பிறகு முதல் ஆண்டின் தரவை எவராலும் எடுக்க முடியாது.